நான் வாங்கச் சொன்ன கைநாட்டு

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் பத்துப் பேர். கட்டில்கள் ஆறு, நோயாளிகள் ஐந்து பேர். வாசலை ஒட்டிய கட்டில் முதல் நாள்தான் காலியாகியிருந்தது. மூன்றாவது கட்டிலில் கிடந்தவர் மாரிமுத்து. அவர் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி அஞ்சம்மாள். பிறகு, இல்லத்தின் பொறுப்பு சிஸ்டர். சென்னையிலிருந்து அன்று காலை ரயிலில் வந்து இறங்கிய வீட்டுக்காரர். ஆய்வுக்குப் போன நாங்கள் இருவர்: அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர், நான். சமையல்கார அம்மா அடுப்படியில் இருந்தார், அவரைச் சேர்க்கவில்லை.

எங்கே போனாலும் தலையை எண்ணுவது என் பழக்கம். நான் வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக்காரி. படகு கரைக்கு வந்தால் எங்கள் ஊரில் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைத்தான் எண்ணுவார்கள். இது தவிர, கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பதும், பஸ்ஸில் ஏறிய பிறகு கண்டக்டரிடம் இது எந்த ஊர் பஸ் என்று மறுபடி கேட்பதும் உண்டு. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகும் தப்பு இந்தப் பயத்திலிருந்து வந்ததுதான்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்து, புண் கட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் இந்த அறக்கட்டளைக்கு வந்தேன். சாகப்போகிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு நம்முடைய அறக்கட்டளை பணம் கொடுக்கிறது. கொடுத்த பணத்துக்கு அங்கே ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் போய்ப் பார்க்க வேண்டும். டாக்டர் மருந்தைப் பார்ப்பார். நான் படுக்கையைப் பார்ப்பேன்: முதுகில் புண் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறார்களா, வாயைத் துடைத்துவிடுகிறார்களா, வலிக்கிறது என்று சொன்னால் யாராவது வருகிறார்களா. இப்போது சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். உங்கள் படிவம் பன்னிரண்டு பக்கம். எங்கள் காலத்தில் நான்கு. பயிற்சிக்கு வந்து பேசச் சொன்னார்கள். நின்று பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்த இல்லம் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. ஒரு காலத்தில் ஊரில் பாதி நிலம் வைத்திருந்த குடும்பத்தின் வீடு. நிலமெல்லாம் போய், பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போன பிறகு, பூட்டிக் கிடந்த வீட்டை இளைய மகன் இல்லத்துக்கு இலவசமாக விட்டிருந்தார். நான் வீட்டுக்காரர் என்று சொல்வது அவரைத்தான். எஞ்சினியர், மெதுவாகப் பேசுவார். நெல் கொட்டி வைத்த அறை மருந்து அறையாகியிருந்தது. கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச டிவி. தாலுகாவில் அப்படிப்பட்ட இடம் அது ஒன்றுதான். அதை மூடினால் அடுத்த இடத்துக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். சாகக் கிடக்கிறவரை அவ்வளவு தூரம் யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?

முதல் ஆய்வில் எல்லாம் நன்றாகவே இருந்தது, ஒன்றைத் தவிர. மார்ஃபின் மாத்திரை கணக்கில் நான்கு குறைந்தது. அது சாதாரண வலி மாத்திரை இல்லை. பூட்டி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டியது. சிஸ்டர் அழுதுவிட்டார். "கொடுத்தேன்க்கா, எழுத விட்டுப்போச்சு. சத்தியமா கொடுத்தேன்" என்றார். நான் நம்பினேன். ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. நாளைக்கு யாராவது அதிகாரி வந்து கேட்டால்? இல்லத்துக்குச் சீல் வைத்தால்? ஆய்வுக்குப் போன நீ என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டால்? அந்த மூன்றாவது கேள்விதான் என்னை ஆட்டியது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "ஒவ்வொரு மாத்திரைக்கும் நோயாளியின் கையொப்பம் அல்லது கைநாட்டு பெற வேண்டும். வேறு எவரும் இடக் கூடாது."

டாக்டர் படித்துவிட்டு, "ரொம்பக் கெடுபிடியா இருக்கே?" என்றார்.

"கணக்கு சுத்தமா இருக்கும்ல டாக்டர்?"

"இருக்கும்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாதம் கழித்து நாங்கள் மறுபடி போனதுதான் நான் சொன்ன அந்த நாள். சிஸ்டர் வாசலிலேயே பதிவேட்டோடு நின்றார். நீள நோட்டு, பழுப்பு அட்டை. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, நடுநடுவே ஊதா நிற ரேகைகள், எறும்பு ஊர்ந்தமாதிரி வரிசையாக. ஒரு மாத்திரை குறையவில்லை.

"நீங்க சொன்னபடியேக்கா. நீங்க போன மறுநாளே குத்தாலத்துல மைப்பெட்டி வாங்கிட்டேன்."

இன்னொன்றும் இருந்தது. மார்ஃபின் செலவு பாதிக்கும் கீழே போயிருந்தது. வலிக் குறிப்பில் மாரிமுத்துவின் பக்கம் முழுக்கப் பூஜ்யம். காலை பூஜ்யம், மதியம் பூஜ்யம், மாலை பூஜ்யம். இடுப்பெலும்பு வரைக்கும் புற்று பரவிய மனிதர்.

வீட்டுக்காரர் நோட்டை எட்டிப் பார்த்து, "மருந்து இல்லாமலே வலி குறைஞ்சிருக்குன்னா கவனிப்பு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம், டாக்டர்?" என்றார். அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

டாக்டர் நோட்டை மூடி வைத்தார். மாரிமுத்து கட்டிலுக்குப் போய், "வலி இருக்கா பெரியவரே?" என்று கேட்டார்.

"இல்லீங்க. சின்னய்யா புண்ணியத்துல ஒண்ணுமில்லீங்க." மாரிமுத்து எழுந்து உட்காரப் பார்த்தார். வீட்டுக்காரர் நின்றுகொண்டிருக்கும்போது படுத்திருப்பது அவருக்கு ஆகவில்லை. பாதி எழுந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

பூஜ்யம் என்று நானும் எழுதினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேர்த்த நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நோட்டு சுத்தமாக இருந்தால் கண்ணுக்குத் தெரிவதைக்கூட மனசு தள்ளி வைத்துவிடும்.

டீ வந்தது. மாரிமுத்துவுக்கு நான்தான் டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கிய விதம் விநோதமாக இருந்தது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, இரண்டு முஷ்டிகளுக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்தார். டீ போர்வையில் சிந்தியது.

"கை வரலையா இவருக்கு?" என்று சிஸ்டரைக் கேட்டேன்.

"அது பழக்கம்க்கா. தூங்கும்போதுகூட அப்படித்தான்."

கீழே இருந்து அஞ்சம்மாள் சொன்னார்: "மடியில காசு முடிஞ்சி வச்சிருக்கமாதிரி கட்டவெரல முடிஞ்சி வச்சிருக்கு எங்க வீட்டுச் சாமி. யாரும் களவாடிருவாங்களாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாரிமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தார். அஞ்சம்மாள் போர்வையை உருவி எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் அலசப் போனார். எனக்கு அந்தப் பார்வை சரியாகப் படவில்லை. நானும் பின்னால் போனேன்.

குழாயடியில் அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"அவருக்கு வலி இருக்காம்மா?"

"இருக்கான்னா? வெடியக்காலம் துண்ட வாயில வச்சிக் கடிச்சிக்குது. பாருங்க, ரெண்டு துண்டு கிழிஞ்சிபோச்சு."

"அப்ப ஏன் இல்லைன்னு சொல்றாரு?"

"இருக்குன்னு சொன்னா அந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வருவாங்களே சிஸ்டரு."

"எந்தப் பெட்டி? மருந்துப் பெட்டியா?"

"மைப்பொட்டிம்மா."

எனக்கு அப்போதும் புரியவில்லை. நான் கடற்கரைக்காரி. கடலுக்குப் பட்டா கிடையாது. எங்கள் ஆட்கள் கைநாட்டு வைத்து இழக்கும்படி எதுவும் வைத்திருந்ததில்லை. கைநாட்டு எனக்கு வெறும் மை.

அஞ்சம்மாள் போர்வையைப் பிழிந்துகொண்டே சொன்னார். இந்த வீட்டு நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், மாரிமுத்து குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். குத்தகைதாரர் பெயரை அரசாங்கம் பதிந்துகொள்ளும் என்று சட்டம் வந்த காலம். பதிந்துவிட்டால் எளிதில் ஆளைக் கிளப்ப முடியாது. கட்சிக்காரர்கள் வந்து பேரைப் பதியச் சொல்லிவிட்டுப் போனார்கள். பதிவதற்குள் வீட்டுக்காரரின் அப்பா ஆள் அனுப்பினார்.

"இந்தா, இதே கொல்லையிலதான். மாட்டுக்கொட்டாய் அங்க இருந்திச்சு. உள்ள கூடத்துக்கெல்லாம் எங்கள விடமாட்டாங்க. ஒரு வெத்துப் பேப்பரு. 'வெதநெல்லுக் கணக்குக்கு ஒரு வெரல் வையிடா மாரி'ன்னாரு பெரியய்யா. இதுவும் வச்சிட்டு வந்திச்சு. ரெண்டு மாசம் கழிச்சி ஆபீசுல போயிக் கேட்டா, நானா மனசு ஒப்பிச் சாகுபடிய விட்டுக்குடுத்தேன்னு எழுதியிருக்கு. இது வெரலு கீழ இருக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? கேட்டதுக்கு நாலாயிரம் தர்றேன்னு பேச்சு. ஆயிரத்து எரநூறு குடுத்தாரு. மிச்சம் அறுப்பு முடிஞ்சி வாங்கிக்கன்னாரு. அதுக்கப்புறம் எத்தன அறுப்பு." போர்வையைக் கொடியில் விரித்தார். "இப்ப எங்களுக்குன்னு மிஞ்சினது குடிசை இருக்க மனக்கட்டு ஒண்ணுதாம்மா. அதுக்குப் பட்டா என் பேருல வாங்கி வச்சிருக்கு. இந்த வீட்டுல இன்னொரு வெரல் வச்சா அதுவும் போயிரும்னு இதுக்குப் பயம். நான் செத்தா நீ எங்கடி போவேங்குது. நான் எம்புட்டோ சொல்லிட்டேன். சரி, நான் வெரல் வைக்கிறேன், மாத்தரயக் குடுங்கன்னு சிஸ்டருகிட்ட கேட்டேன். நோயாளிதான் வைக்கணும், ஆய்வுக்கு வந்த அம்மா எழுதி வச்சிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க." பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவராக, "அந்த அம்மாவத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

கூடத்துக்குத் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். என் வேலை அதுதானே. ஆறு மாதமாக இருக்கும் நோட்டு. மாரிமுத்து சேர்ந்து பத்தொன்பது நாள். ஐந்து பேரில் மூன்று பேர் கைநாட்டுக்காரர்கள், மூன்று பேருமே நிலத்தில் வேலை செய்தவர்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த இருவர் மட்டும் மாத்திரையை ஒழுங்காக வாங்கியிருந்தார்கள். ஒருவர் ரிட்டயர் ஆன வாத்தியார், இன்னொருவர் தபால்காரர் சம்சாரம். ஊதா ரேகையெல்லாம் மாரிமுத்து தவிர மற்ற கைநாட்டுக்காரர்களுடையது, முன்பு இருந்து போனவர்களையும் சேர்த்து, அதுவும் தாங்கமுடியாத நாட்களில் மட்டும். சுத்தமான கணக்கு.

இப்போது என்ன செய்வது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னால், வீட்டுக்காரர் முன்னால் அவர் அப்பாவின் கதையைச் சொன்ன மாதிரி ஆகும். அவருக்குக் கோபம் வந்து வீட்டைத் திரும்பக் கேட்டால் ஐந்து பேரும் தெருவில். சொல்லாமல் விட்டால் மாரிமுத்து துண்டைக் கடித்துக்கொண்டே போய்விடுவார்.  கூடத்தின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கதை யாருடையதாக இருந்தாலும் மைப்பெட்டி என்னுடையது. அதை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"சிஸ்டர், அந்த மைப்பெட்டிய எடுத்துட்டுப் போய் உள்ளே வைங்க. இனிமே கைநாட்டு வேண்டாம். மாத்திரை கொடுக்கிற நீங்க ஒரு கையெழுத்து, பார்த்த இன்னொருத்தர் ஒரு கையெழுத்து. சமையல்கார அம்மா போட்டாலும் போதும்."

சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்கதானேக்கா எழுதினீங்க? அதுவும் சிவப்பு மையில. ஆறு மாசமா ஒரு நாள் விடாம வாங்கியிருக்கேன்."

"நான்தான் எழுதினேன். தப்பா எழுதினேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாரிமுத்துவைக் கண்ணால் காட்டி, அடுத்து வீட்டுக்காரரைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சார், பின்னாடி புது போர்வெல் போட்டிருக்கீங்களாமே? எத்தனை அடியில தண்ணி வந்துச்சு? அந்த மெக்கானிக்கு வர நேரமாம், அடுப்படி அம்மா சொன்னாங்க. கொஞ்சம் போய்ப் பாருங்களேன், நான் வந்துடறேன்" என்றார். மெக்கானிக் யாரும் வரவில்லை. டாக்டருடைய முப்பது வருஷ சர்வீஸில் நான் பார்த்த மிகச் சிறந்த சிகிச்சை என்று அதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்காரர் போன பிறகு டாக்டர் ஸ்டூலில் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார், மாரிமுத்துவின் முகத்துக்கு நேராக.

"பெரியவரே, மைப்பெட்டி உள்ளே போயிடுச்சு. இப்பச் சொல்லுங்க. நூத்துக்கு எவ்வளவு வலி?"

மாரிமுத்து முதலில் மேஜையைப் பார்த்தார். மைப்பெட்டி இருந்த இடம் காலி. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சொல்லித் தொலையேன்" என்றார் அஞ்சம்மாள்.

"நூறெல்லாம் தெரியாதுங்க." நெல் அளக்கிற கணக்கில் சொன்னார். "கலத்துக்குப் பத்து மரக்கா இருக்குங்க."

சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடி முழித்தார். "மரக்கான்னா எத்தனைன்னு போடறது?"

"பன்னெண்டு மரக்கா ஒரு கலம்டீ பொண்ணே" என்று வாத்தியார் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எண்பத்து மூணுன்னு போடு. பின்னத்த விட்டுடு."

மாத்திரை கொடுத்தார்கள். தண்ணீரோடு விழுங்கும் வரைக்கும் அவர் முஷ்டியைத் திறக்கவில்லை. விழுங்கிய பிறகும், "வெரல் வேணாமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். சற்றுப் பொறுத்து, "நெசமாவா?" என்றார். சுமார் ஒரு மணி நேரம் போனதும் டாக்டர் மறுபடி கேட்டபோது, "அஞ்சி மரக்கா" என்றார். அவர் கைகள் போர்வைமேல் விரிந்து கிடந்தன. வலது பெருவிரலில் தோல் உரிந்திருந்தது. அத்தனை நாள் மடக்கியே வைத்திருந்ததில் வேர்த்துப் புழுங்கியிருக்கிறது. நகம் வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற நான் அந்த விரலைப் பார்த்திருக்கவில்லை.

எங்கள் நான்கு பக்கப் படிவத்தில் கடைசிக் கேள்வி: "நோயாளிக்கு வேறு மனக்கவலை ஏதேனும் உண்டா?" எல்லா இல்லங்களிலும் அதில் "இல்லை" என்றே எழுதி வந்தோம். நானும் அப்படித்தான். அன்று மாரிமுத்துவிடம் கேட்டேன். வலி இறங்கியிருந்ததால் நிதானமாகவே சொன்னார். கோபமெல்லாம் இல்லை. கொடுத்த கடனைச் சொல்கிறவர் மாதிரி, பெரியய்யா வைத்த பாக்கித் தொகையைச் சொன்னார். அதைக் கட்டத்தில் எழுதினேன்.

படிவத்தை இல்லத்தின் பொறுப்பாளர்கள் முன் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்காரரும் பொறுப்பாளர்களில் ஒருவர். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கடைசி வரியை வேணும்னா விட்டுடுங்க. உங்க தப்பையும் 'நடைமுறை மாற்றம்'னு போட்டுக்கலாம்" என்றார். எனக்காகத்தான் சொன்னார். நான் இரண்டையும் வாசித்தேன்.  கைநாட்டு என் பரிந்துரை, அதனால் மூன்று நோயாளிகள் வேண்டிய வலி மருந்து இல்லாமல் இருந்தார்கள் என்று வாசித்தேன். அப்புறம் கடைசி வரியை வாசித்தேன்.

வீட்டுக்காரர் படிவத்தை வாங்கி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார்.

"அது அப்பா காலத்து விஷயம்மா. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. பேப்பர் ஏதாவது இருந்தா காட்டச் சொல்லுங்க."

"பேப்பர் உங்க வீட்டுலதான் சார் இருக்கும்."

அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். வீட்டைத் திரும்பக் கேட்கவில்லை. நான் பயந்ததில் பாதிக்குமேல் நடந்ததே இல்லை. ரயிலுக்குப் போகும்போது மாரிமுத்துவின் கட்டிலருகே நின்றார். மாரிமுத்து எழப் பார்த்தார். "படுங்க, படுங்க" என்று கையமர்த்திவிட்டுப் போனார். அவர் அந்த மனிதரை "ங்க" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை என்று அஞ்சம்மாள் பிற்பாடு சொன்னார்.

மாரிமுத்து அதன் பிறகு பதினோரு நாள் இருந்தார். கடைசி வாரம் இரண்டு மரக்காலைத் தாண்டவில்லை என்று சிஸ்டர் போனில் சொன்னார்.

உங்கள் பன்னிரண்டு பக்கப் படிவத்தில் பூஜ்யம் நிறைய வரும். யார் கேட்டு வந்த பூஜ்யம், கேட்டபோது அவர் கையில் என்ன இருந்தது, கூட யார் நின்றார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். நோட்டு சுத்தமாக இருந்தால் இரண்டு முறை. உங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு விதி எழுதத் தோன்றினால், அதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கடைசிக் கேள்வியில் பதில் எழுதிய படிவத்தை, அந்தக் கவலை தீரும்வரை முடிந்த கோப்பில் சேர்க்கக் கூடாது. அதுவும் விதிதான்; நான் எழுதியதில்லை, முன்பே இருந்தது. சென்னைக்கு, வீட்டுக்காரருக்கு, நான் மூன்று கடிதம் போட்டேன். ஓய்வு பெற்ற அன்று அலமாரிச் சாவியை ஒப்படைக்கும்போது முடியாத கோப்பு அது ஒன்றுதான் இருந்தது. இன்றும் மேல்தட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அஞ்சம்மாள் அதே மனைக்கட்டில், அதே குடிசையில் இருக்கிறார். அவருக்கு வர வேண்டியது ரூபாய் இரண்டாயிரத்து எண்ணூறு.